வெளிச்சத்தம் கேட்காத கார்

கடந்த ஆவணியில் லண்டனில் என் சித்தியின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. விசா கிடைக்காத நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, வட்ஸ்அப்பில் வந்த காணொளியில்தான் அதைப் பார்த்தோம். தாலி கட்டி முடிந்து மணமக்கள் மண்டபத்தை விட்டுப் புறப்படும் கட்டம் வந்தது. வாசலில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் முழங்குகின்றன. வாடகைக்கு எடுத்த ஒரு வெள்ளை ரோல்ஸ் ரொய்ஸ் பான்டம் கார் காத்து நிற்கிறது. முன் ஆசனத்தில் இருந்து ஒளிப்பதிவாளர் படம் பிடிக்கிறார். தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஏறி அமர்ந்ததும் கதவு தானாக மூடுகிறது. அந்தக் கணத்தில் நாதஸ்வரம் அடங்கிவிட்டது. பக்கத்து ஊர்க் கோயிலில் வாசிப்பதுபோல எங்கோ தூரத்தில் கேட்டது.

கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று அம்மா நினைத்தார். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். பிறகுதான் விளங்கியது, அது காரின் வேலை.

பெரியப்பாவும் எங்களோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். அவர் கை படாத ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. "உந்தக் காருக்குள்ள அப்பிடி என்ன பிள்ளை கிடக்கு? நீ எழுதிறனியெல்லே, விசாரிச்சுச் சொல்லு" என்றார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கான பதில். அந்தக் காரில் நான் ஏறியதில்லை. தேடி வாசித்து விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பெயரின் கதை

1904ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் இருந்த மிட்லண்ட் ஹொட்டேலில் இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் ஹென்றி ரொய்ஸ். வறுமையில் வளர்ந்து, சிறுவயதிலேயே வேலைக்குப் போய், தானாகவே பொறியியல் கற்றுக்கொண்டவர். மற்றவர் சார்ள்ஸ் ரோல்ஸ். பிரபு குடும்பத்துப் பிள்ளை, லண்டனில் கார் விற்பவர். ரொய்ஸ் செய்த காரை ரோல்ஸ் விற்பது என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். விமானம் ஓட்டுவதில் ஆர்வம்கொண்ட ரோல்ஸ் 1910இல் விமான விபத்தொன்றில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 32 வயது. பெயர் மட்டும் இன்றுவரை முன்னால் நிற்கிறது.

1907இல் அவர்களுடைய 'சில்வர் கோஸ்ட்' கார் ஏறத்தாழ 23,000 கிலோமீற்றர் தூரப் பரீட்சார்த்த ஓட்டத்தை ஓடி முடித்தது. அந்தக் காலத்துக் கார்கள் அடிக்கடி வழியில் நின்றுவிடும். அதனால் அந்த ஓட்டம்தான் நிறுவனத்தின் பெயரை நிலைநிறுத்தியது. 'பான்டம்' என்ற பெயரில் முதல் கார் 1925இல் வந்தது. இப்போது விற்பனையில் இருப்பது அதன் எட்டாவது தலைமுறை. அது 2017இல் அறிமுகமானது.

இடையில் நடந்த ஒரு விடயத்தைப் பலர் அறிவதில்லை. விமான இயந்திரம் செய்யும் ரோல்ஸ் ரொய்ஸும் கார் செய்யும் ரோல்ஸ் ரொய்ஸும் இன்று ஒரே நிறுவனம் அல்ல. RB என்று தொடங்கும் 211ஆம் இலக்க விமான இயந்திரத்தை உருவாக்கப் போய் ஏற்பட்ட செலவில் 1971இல் நிறுவனம் வங்குரோத்தானது. பிரித்தானிய அரசு அதைப் பொறுப்பேற்றது. பின்னர் கார்ப் பிரிவு தனியாகப் பிரிக்கப்பட்டது. 1998இல் கார்ப் பிரிவு விற்பனைக்கு வந்தபோது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண் கொடுத்துத் தொழிற்சாலையை வாங்கியது. ஆனால் பெயரின் உரிமை விமான இயந்திர நிறுவனத்திடம் இருந்தது. அந்தப் பெயரை 40 மில்லியன் பவுணுக்கு பிஎம்டபிள்யூ பெற்றுக்கொண்டது. 430 மில்லியன் கொடுத்தவருக்குக் கட்டடமும் பென்ட்லி காரும் மிஞ்சின. 40 மில்லியன் கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது. 2003 முதல் இங்கிலாந்தின் குட்வூட் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலையில் இந்தக் கார்கள் செய்யப்படுகின்றன.

ஒரு பெயர் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சத்தத்தை எப்படி நிறுத்துகிறார்கள்?

காணொளியில் நாதஸ்வரம் அடங்கியதற்கு ஒரு தனிக் காரணம் இல்லை. பல சின்னச் சின்னக் காரணங்கள் சேர்ந்துதான் அந்த அமைதி வருகிறது.

காரைச் சுற்றியுள்ள கண்ணாடிகள் ஒற்றைக் கண்ணாடிகள் அல்ல. இரண்டு படைகளாக, மொத்தம் 6 மில்லிமீற்றர் தடிப்பில் அமைந்தவை. ஒலி முதற்படையில் மோதி வலுவிழந்து, இரண்டாவதைக் கடக்கும்போது மேலும் குறைகிறது. காரின் தரையும் முன்சுவரும் இரட்டைத் தகடுகளால் ஆனவை. அந்தத் தகடுகளுக்கு இடையில் நுரைப்பொருளும் கனமான படைகளும் நிரப்பப்பட்டுள்ளன. சத்தத்தை உறிஞ்சுவதற்கென்று மட்டும் 130 கிலோவுக்கு மேற்பட்ட பொருட்கள் ஒரு காரில் இருக்கின்றன. இரண்டு பெரிய மனிதர்களின் எடைக்கு அண்மித்த சுமையை, சத்தம் வராமல் இருப்பதற்காகவே அந்தக் கார் எந்நேரமும் சுமந்துகொண்டு ஓடுகிறது.

வேகமாக ஓடும் காரில் அதிக சத்தம் வருவது பெரும்பாலும் ரயரில் இருந்து. ரயருக்குள் இருக்கும் காற்று, மேளத்துக்குள் இருக்கும் காற்றைப்போல அதிரும். அதனால் பான்டத்தின் ரயர்களுக்கு உள்ளே நுரைப் படை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. சரியான ரயரைத் தெரிவுசெய்ய 180 விதமான வடிவமைப்புகளைச் சோதித்ததாக நிறுவனம் கூறுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது முந்தைய பான்டத்தைவிட 10 வீதம் சத்தம் குறைவு என்பதும் நிறுவனத்தின் கணக்கு.

குழி விழுந்த பாதைக்கும் ஏற்பாடு உண்டு. முன் கண்ணாடியில் பொருத்தப்பட்ட கமெரா முன்னால் உள்ள பாதையைப் பார்த்துக்கொண்டே வருகிறது. மேடுபள்ளம் தெரிந்தால், சில்லு அந்த இடத்தை அடைவதற்கு முன்பே காற்றினால் இயங்கும் தாங்கிகளைத் தயார்ப்படுத்துகிறது. இந்த வசதி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் வரை வேலை செய்யும்.

இதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'கோஸ்ட்' காரில் ஒரு சிக்கல் வந்தது. உள்ளே அமைதி அதிகமாகி, இருப்பவர்களுக்குத் தலைசுற்றுவதுபோன்ற தடுமாற்றம் ஏற்படுவதைப் பொறியியலாளர்கள் கவனித்தார்கள். அதனால் ஆசனச் சட்டம் முதல் காற்று வரும் குழாய் வரை எல்லாப் பாகங்களையும் ஒரே மெல்லிய சுருதிக்கு ஒத்திசையச் செய்து, காருக்குள் ஒரு மெல்லிய முணுமுணுப்பை விட்டுவைத்தார்கள்.

இழுவையின் கணக்கு

பெரியப்பாவுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். பான்டத்தில் இருப்பது 12 சிலிண்டர்கள் கொண்ட, 6.75 லீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் இயந்திரம். ஆறு ஆறாக இரண்டு வரிசைகள் V வடிவில் நிற்கின்றன. காற்றை அழுத்தி உள்ளே செலுத்த இரண்டு டர்போக்கள். வலு 563 குதிரைவலு. முறுக்குவிசை 900 நியூட்டன் மீற்றர்.

ஏன் 12 சிலிண்டர்? சாதாரண நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் சுழல்தண்டு அரைச்சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை வெடிப்பு நிகழும். 12 சிலிண்டரில் அதே அரைச்சுற்றில் மூன்று வெடிப்புகள். ஒரு வெடிப்பின் தள்ளல் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் இடைவெளியே தெரிவதில்லை. அதைவிட, ஆறு சிலிண்டர்கள் நேர்வரிசையில் நிற்கும்போது ஆடுதண்டுகளின் குலுக்கல்கள் ஒன்றையொன்று சமப்படுத்திவிடும். அப்படிப்பட்ட இரண்டு ஆறுகளைச் சேர்த்ததுதான் இந்த இயந்திரம். அதிர்வு குறைவதற்கு அதுவே அடிப்படை.

இன்னொரு முக்கிய எண் 1,700. அந்த முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 1,700 சுற்று என்ற தாழ்ந்த வேகத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஓட்டுநர் இயந்திரத்தை உறும விடத் தேவையில்லை. கால் பட்டவுடன் கார் நழுவிச் செல்லும். வேறு கார்களில் இயந்திரத்தின் சுற்றுவேகத்தைக் காட்டும் மானி இருக்கும் இடத்தில், பான்டத்தில் 'இன்னும் எவ்வளவு வலு மிச்சம்' என்று காட்டும் மானி இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது 90 வீதத்துக்கு மேல் மிச்சம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். எட்டுக் கியர்களைக் கொண்ட தானியங்கிப் பெட்டி, செய்மதித் தரவுகளைக் கொண்டு வரப்போகும் வளைவையும் ஏற்றத்தையும் முன்கூட்டியே அறிந்து கியரைத் தெரிவுசெய்கிறது.

காரின் எடை இரண்டரை தொன்னுக்கு மேல். நீளம் ஐந்தே முக்கால் மீற்றர். இந்தப் பாரத்தோடும் நின்ற நிலையில் இருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட ஐந்தரை செக்கன்கூட எடுக்காது. உச்ச வேகம் 250 கிலோமீற்றரில் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பின் சில்லுகளும் சிறிதளவு திரும்பக்கூடியவை என்பதால், இத்தனை நீளமான காரையும் குறுகிய இடத்தில் திருப்பிவிடலாம்.

எரிபொருள்? 100 கிலோமீற்றருக்குச் சுமார் 15 லீற்றர் பெற்றோல் குடிக்கும். 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள். அந்த 20 லீற்றரில் பான்டம் யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பி வந்தால், அந்த வாரத்து ஓட்டம் அதோடு முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு மயக்கம்?

பான்டத்தின் விலை நான்கரை இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலே தொடங்குகிறது. வாங்குபவரின் விருப்பப்படி சேர்க்கும் வேலைகளோடு அது எங்கெங்கோ போகும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இயந்திரக் கொள்ளளவைப் பார்த்து வரி விதிக்கும் நாட்டில் 6.75 லீற்றர் காருக்கு வரி எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்ப்பதே வீண் வேலை.

உலகம் முழுவதுக்கும் 2024இல் இந்த நிறுவனம் விற்றது எல்லா வகையும் சேர்த்து 5,712 கார்கள். குறைவாகச் செய்வதும் கையால் செய்வதும்தான் இதன் வியாபாரம். காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வர்ணக் கோட்டை இன்றும் ஒரு கலைஞர் தூரிகை பிடித்துக் கையால் வரைகிறார். உள்கூரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளைக் கையால் இட்டு, ஒளி இழைகளைக் கோர்த்து, இரவு வானம்போல நட்சத்திரங்கள் மின்ன வைக்கிறார்கள். வாங்குபவர் பிறந்த இரவில் வானம் எப்படி இருந்ததோ அப்படியே அமைத்துத் தரவும் முடியும். கதவுக்குள் குடை இருக்கிறது. சில்லு எவ்வளவு சுழன்றாலும் நடுவில் உள்ள எழுத்துச் சின்னம் நிமிர்ந்தே நிற்கும். ஆசனங்களுக்கான தோல், பூச்சிக்கடி குறைந்த, முட்கம்பி வேலி இல்லாத மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த காளைகளில் இருந்து எடுக்கப்படுகிறது. முட்கம்பி கீறிய தழும்பு ஆசனத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. இதை வாசித்தபோது சற்று நேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். முட்கம்பிக்குப் பின்னால் மாதக்கணக்கில் இருந்த மனிதர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று முதலில் தேடு என்று கற்பித்தார்கள். இந்தக் காரின் விளம்பரங்கள் வேகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. யார் ஏறினார்கள் என்பதைத்தான் பேசாமல் பேசுகின்றன. 1950இல் தொடங்கிச் செய்யப்பட்ட நான்காவது பான்டம் மொத்தமே 18தான். அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும் கொடுத்தார்கள். அன்று இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு ஒன்று. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசுக்கு மூன்று. முடியும் சர்வாதிகாரமும் ஒரே ஆசனத்தில் வசதியாக அமர்ந்திருக்கின்றன. லண்டனில் நாலு மணித்தியாலத்துக்கு அந்தக் காரை வாடகைக்கு எடுக்கும் அகதிக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு நாளாவது அந்த வரிசையில் இருந்து பார்க்க ஆசைப்படுகிறாள். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்தி கப்பல் ஏறும்போது அவர் கையில் இருந்தது ஒரு துணிப்பை மட்டும்.

போரும் இந்தக் காருக்குப் புதிதல்ல. முதலாம் உலகப் போரில் சில்வர் கோஸ்டின் அடிச்சட்டத்தில் கவசம் பூட்டிப் பாலைவனத்தில் ஓட்டினார்கள். காரின் மூக்கில் கைகளைப் பின்னால் விரித்து, காற்றில் ஆடை பறக்க நிற்கும் பெண் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1911இல் சிற்பி சார்ள்ஸ் சைக்ஸ் அதை வடித்தார். எலினோர் தோர்ன்டன் என்ற பெண்ணே அதற்கு மாதிரியாக இருந்தார் என்று பரவலாகக் கூறப்படுகிறது. 1915 டிசம்பர் 30ஆம் திகதி, இந்தியா நோக்கிச் சென்ற 'பேர்சியா' என்ற பயணிகள் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று மத்தியதரைக் கடலில் மூழ்கடித்தது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எலினோரும் அதில் ஒருவர். உலகின் மிகச் செல்வந்தர்களுடைய கார்களின் முன்னால் நிற்பது, போரில் கடலுக்குப் பலியான ஒரு பெண்ணின் உருவம். காருக்குள் இருக்கும் பெரும்பாலானோருக்கு அது தெரிந்திருக்காது.

பெரியப்பாவின் கார்

இவ்வளவையும் ஒரு பின்னேரம் பெரியப்பாவுக்குச் சொல்லி முடித்தேன். தேத்தண்ணி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். 12 சிலிண்டர் சமநிலை பற்றிச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார். "ஓம், அது சரியான வேலை" என்றார்.

அவரிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ40 சோமர்செட். 1,200 சீசி, நாற்பது சொச்சம் குதிரைவலு. 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அதை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். இன்றைய பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. அதனால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலை முதலில் பீய்ச்சி இயந்திரத்தை ஸ்ரார்ட் செய்ய வேண்டும். இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பழைய ஏ40இன் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் இது சாத்தியமானது. அமுக்கம் கூடிய புதிய கார்களில் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடித்து, ஆடுதண்டை உடைத்துவிடும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர்போல ஆகிவிடும். அதைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். பின்னால் புகை, உள்ளே மணம், இரண்டும் போதாதென்று இடி இடிப்பதுபோன்ற சத்தம்.

குட்வூட்டில் பொறியியலாளர்கள் 180 ரயர்களைச் சோதித்தார்கள். பெரியப்பாவும் எத்தனையோ ஊசித் துவாரங்களைச் சோதித்தவர்தான். மண்ணெண்ணெய்க்கு எந்த அளவு சரிவரும், பெற்றோல் எத்தனை சொட்டுப் போதும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்த அறிவு. அந்த ஏ40 எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்பதற்கு அவரிடமே கணக்கில்லை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. 1995 இடப்பெயர்வின்போது அந்தக் கார் நாவற்குழிப் பாலத்தடியில் நின்றுபோனது. அப்போது எனக்கு ஆறு வயது. பின் ஆசனத்தில் அப்பம்மாவின் மடியில் இருந்தேன். எல்லோரும் இறங்கி நடந்தோம். திரும்பி வந்தபோது கார் அங்கே இல்லை.

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பெரியப்பா ஒரு விடயம் சொன்னார். நான் மறந்திருந்த விடயம். அந்தக் காரில் போகும்போது யன்னல் கண்ணாடிகளை எப்போதும் இறக்கியே வைத்திருப்பார்கள். மழைக்கும் ஏற்றமாட்டார்கள். இயந்திரம் போடும் சத்தத்தில் பொம்பர் வருவது கேட்காது என்பதால், பின் ஆசனத்தில் இருக்கும் சின்னப்பிள்ளைகளின் வேலை தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்ப்பது. சில இடங்களில் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காவிட்டால்தான் மீண்டும் சூப்பிப் போத்தலை எடுப்பார். அதற்கும் பெற்றோல் செலவாகும். ஆனாலும் நிறுத்துவார்.

"வெளியில என்ன நடக்குதெண்டு கேக்காத காருக்குள்ள என்னால இருக்கேலாது பிள்ளை," என்றார். "கார் திறமான கார்தான். ஆனா எனக்கு யன்னல் திறக்கவேணும்."

பான்டத்தின் யன்னலும் திறக்கும் என்று சொன்னேன். "அப்ப பிறகேன் உந்த 130 கிலோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவருடைய முதல் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்தக் காருக்குள் கிடப்பது, வெளியே நடப்பதைக் கேட்கத் தேவையில்லாத ஒருவரின் நிம்மதி. மற்றவையெல்லாம், அந்த இயந்திரமும் இரட்டைக் கண்ணாடியும் நட்சத்திரக் கூரையும், அந்த நிம்மதியைச் செய்து தருவதற்கான திறமான வேலைகள். தங்கச்சி லண்டனில் பிறந்தவள். அந்தக் கதவு மூடியபோது அவள் முகத்தில் இருந்த அமைதியைக் காணொளியில் மறுபடியும் பார்த்தேன். அவளுக்கு அது கிடைத்திருப்பதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம்.

பெரியப்பா இப்போதும் மின்விசிறியின் சத்தம் பிடிக்காமல், யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.